பிள்ளைகளுக்காக வசனத்தைக் கொண்டு ஜெபிப்பது எப்படி: தோட்டத்துப் பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், பெரியவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜூந்தைதான், எங்கள் வீட்டு முன்கூடத்தில் வியாழக்கிழமை இரவு ஏழெட்டு அம்மாக்களும் இரண்டு மூன்று அப்பாக்களும் கூடிப் பிள்ளைகளுக்காக ஜெபிக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்துவிட்டு, கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டுவதுபோல அதன்மேல் ஒட்ட ஒரு வசனத்தைத் தேடுகிறார்கள். இங்கே நான் சொல்லும் வரிசை தலைகீழ். முதலில் வசனத்தைப் படிக்கிறோம். என்ன கேட்பது என்பதை அது நமக்குச் சொல்கிறது.

முதல் தடவை முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். பழகிய பிறகு பத்து நிமிடம் போதும்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

அச்சுப் புத்தகமாக ஒரு வேதாகமம். கைப்பேசியில் எல்லாம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதில் தேடினால் கேட்ட ஒரு வசனம் மட்டும் வந்து நிற்கும், முன்னும் பின்னும் கண்ணில் படாது. அதோடு வாட்ஸ்அப் மணியும் அடிக்கும். நான்காம் படியில் முழு அதிகாரமும் தேவைப்படும் என்பதால் புத்தகமே வசதி.

சபையில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு காதுக்குப் பழகியது, அதையே வைத்துக்கொள்ளுங்கள். புரியாத இடத்துக்கு எளிய நடையில் வந்த மொழிபெயர்ப்பு ஒன்று பக்கத்தில் இருந்தால் நல்லது. கத்தோலிக்க வீடுகளில் திருவிவிலியம் இருக்கும். அதில் சங்கீதம் என்பது திருப்பாடல்கள், உபாகமம் என்பது இணைச் சட்டம், எண்ணாகமம் என்பது எண்ணிக்கை. வழி ஒன்றுதான்.

ஒரு பள்ளிக்கூட நோட்டு, ஒரு பேனா. பிள்ளைக்கு நான்கு பக்கம் ஒதுக்கிப் பெயரை மேலே எழுதுங்கள். தனித்தனித் தாளாக வைத்தால் இரண்டு வாரத்தில் ஒன்றும் மிஞ்சாது.

வேண்டாதது ஒன்றும் உண்டு. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்த, ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை சுவரிலேயே இருக்கட்டும். அது உற்சாகப்படுத்தும். ஆனால் கையில் வந்த ஒரு வரியையே ஆண்டு முழுக்கப் பிள்ளைமேல் சொல்லிக்கொண்டிருந்தால், அதை எழுதிய அதிகாரம் நமக்குக் கடைசிவரை தெரியாமலே போகும்.

2. கடிகாரத்தோடு கட்டாதீர்கள், ஒரு வேலையோடு கட்டுங்கள்

"தினமும் காலை ஐந்து மணிக்கு" என்று தீர்மானம் எடுப்பவர்களில் பாதிப் பேர் மூன்றாம் வாரம் விழுந்துவிடுகிறார்கள். காரணம் சோம்பல் கிடையாது. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்குமுன் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் போகிறவர் விடியுமுன் கிளம்பிவிடுவார். தொழிற்சாலை பஸ்ஸில் போகிறவருக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். இந்த வாரம் ஐந்து மணி விழிக்கிற நேரம், அடுத்த வாரம் அதுவே வீடு திரும்பும் நேரம்.

ஷிப்ட் மாறினாலும் மாறாத ஒரு வேலை எல்லா வீட்டிலும் இருக்கும். பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போடுவது, சாப்பாட்டு டப்பா கட்டுவது, பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டுக் கேட்டைப் பூட்டுவது. அதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கை அந்த வேலையைத் தொட்டதும் ஜெபம் நினைவுக்கு வந்துவிடும். என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறார். ஆலை வாசலில் எடை போடக் காத்திருக்கும் நேரம்தான் அவருடைய ஜெப நேரம். வரிசை நீளமாக இருந்தால் முன்பெல்லாம் திட்டுவார், இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

படிப்பதும் எழுதுவதும் வாரத்துக்கு ஒருநாள் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. தினமும் செய்வது, அந்த வாரம் எழுதிய ஜெபத்தைச் சொல்வது மட்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு திணறாதீர்கள்.

3. வேதாகமத்தைத் திறக்குமுன் பிள்ளையைப் பாருங்கள்

யோபு அதிகாலையில் எழுந்து தன் பிள்ளைகளின் இலக்கத்தின்படியே பலி செலுத்தினான் என்று யோபு 1:5 சொல்கிறது. மொத்தமாக ஒன்று போட்டு முடிக்கவில்லை, தலைக்கு ஒன்று. நாமோ "ஆண்டவரே, என் மூன்று பிள்ளைகளையும் ஆசீர்வதியும்" என்று பெயர்களை வரிசையாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். எங்கள் குழுவில் இதற்குப் பெரட்டு ஜெபம் என்று பெயர். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட, இருக்கிறேன் என்று பதில் வந்ததும் அடுத்த பெயருக்குப் போவதுபோல.

ஒரு வாரத்துக்கு ஒரு பிள்ளை. மற்றவர்களை விட்டுவிட வேண்டாம், அவர்களுக்குப் போன வார ஜெபமே ஓடட்டும். இந்த வாரப் பிள்ளையின் பக்கத்தில், அந்த வாரம் கண்ணால் கண்டதை மூன்று வரி எழுதுங்கள். "திங்கட்கிழமை சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வந்தது." "கணக்குப் பாடம் உள்ள நாளில் வயிற்றுவலி என்கிறான்." "தங்கைக்குத் தன் ரொட்டியில் பாதி கொடுத்தான்."

கண்டதை மட்டும் எழுதுங்கள் என்பதற்குக் காரணம் உண்டு. "படிப்பில் அக்கறை இல்லை" என்று எழுதினால் தீர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டது, வசனத்துக்கு அங்கே வேலை இல்லை. "டப்பா திரும்பி வந்தது" என்று எழுதினால் ஏன் என்ற கேள்வி மிச்சமிருக்கும். மூன்றில் ஒன்று நல்லதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போலீஸ் புகார் மாதிரி ஆகிவிடும்.

மூன்று வரி எழுத ஒன்றும் தோன்றவில்லையா? அப்படியென்றால் இந்த வாரம் ஜெபத்தைவிடப் பிள்ளையோடு உட்கார்ந்து ஒருவேளை சாப்பிடுவது முக்கியம்.

4. வசனத்தைத் தேடாமல் அதிகாரத்தைப் படியுங்கள்

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்காக அதிகம் சொல்லப்படும் வசனம் எரேமியா 29:11 ஆகத்தான் இருக்கும். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இடைநிலைப் பள்ளி முடிவில் வரும் எஸ்பிஎம் பரீட்சை நெருங்கினால் எல்லார் வாட்ஸ்அப்பிலும் இது வரும். அதற்கு ஒரு வசனம் முன்னே படித்தால், பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று இருக்கிறது. இது சிறைப்பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது. அடுத்த மாதம் வரும் பரீட்சை முடிவுக்கு உத்தரவாதம் கேட்கும் இடம் இது இல்லை. ஆனால் வெளியூர் ஆஸ்ரமாவில், அதாவது பள்ளி விடுதியில், தனியாகக் கிடந்து அழும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான அதிகாரம் கிடைக்காது. பிடிக்காத இடத்திலும் வேர்விட்டு வாழ உதவும் என்று கேட்கலாம். அந்த விண்ணப்பத்தை நானாக யோசித்திருக்க மாட்டேன். அதிகாரத்தைப் படித்ததால் வந்தது.

"கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்பதும் அப்படித்தான். உபாகமம் 28-ஐ முதல் வசனத்திலிருந்து படித்தால், கர்த்தரின் சத்தத்துக்கு உண்மையாய்ச் செவிகொடுப்பாயானால் என்றுதான் தொடங்குகிறது. பேச்சு ஒரு முழு ஜனத்தோடு. வகுப்பில் முதலாம் இடம் பற்றிய பேச்சே அங்கு கிடையாது.

படிக்கும்போது மூன்று கேள்வியைக் கேட்டு நோட்டில் பதில் எழுதுங்கள். யார் சொல்கிறார்? யாரிடம் சொல்கிறார்? என்ன நிலைமையில், என்ன நிபந்தனையோடு சொல்கிறார்? மூன்றுக்கும் பதில் எழுத முடியாத வசனத்தை இந்த வாரம் தொடாதீர்கள்.

தொடங்குகிறவர்களுக்குக் கொலோசெயர் 1:9-12, பிலிப்பியர் 1:9-11, எபேசியர் 3:14-19 இந்த மூன்றையும்தான் முதலில் கொடுக்கிறேன். மூன்றும் பவுல் சிறையில் கட்டப்பட்டிருந்த காலத்தில் மற்றவர்களுக்காக ஏறெடுத்த ஜெபங்கள். ஏற்கெனவே ஜெபமாக இருப்பதால் மாற்ற வேண்டிய வேலை குறைவு. அவற்றில் அவர் கேட்பவற்றையும் கவனியுங்கள். அறிவு, அன்பு, பொறுமை, உள்ளான மனுஷனில் பலம். வேலை, வீடு, வருமானம் எதுவும் அந்தப் பட்டியலில் வரவில்லை. அதைக் கேட்கக் கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை. நம் பட்டியலில் அது மட்டுமே இருக்கிறதே, அதற்காகச் சொல்கிறேன்.

5. எந்த வகை வசனம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் அதிகம். பின்னால் மனம் உடைவதும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

நீதிமொழிகள் 22:6-ஐ எடுத்துக்கொள்வோம். "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்." இது நீதிமொழி. வாழ்க்கை பொதுவாக எப்படி ஓடுகிறது என்று சொல்லும் அனுபவ வாக்கு. இதைக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமாக எடுத்துக்கொண்ட ஒரு அம்மா, மகன் சபைக்கு வருவதை நிறுத்தியபோது "அப்படியானால் நான் சரியாக வளர்க்கவில்லை" என்று தன்னையே தின்றுகொண்டிருந்தார். நீதிமொழியை ஜெபிக்கும்போது, "இந்த வழியில் நடத்த எனக்குப் புத்தி கொடும்" என்று முதல் பாதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாதியை நம்பிக்கையோடு அவர் கையில் விடுங்கள்.

கட்டளை என்றால் அது யாருக்கு என்று பாருங்கள். "பிள்ளைகளே, உங்கள் பெற்றாருக்குக் கீழ்ப்படியுங்கள்" என்ற எபேசியர் 6:1 எல்லாப் பெற்றோருக்கும் மனப்பாடம். நான்காம் வசனம், பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று பிதாக்களுக்குச் சொல்வது, ஏனோ யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. நமக்கு வந்த கட்டளையை நமக்காக ஜெபித்த பிறகே பிள்ளைக்கு வந்ததைத் தொட வேண்டும். இந்த ஒழுங்கை மாற்றினால் ஜெபம் திட்டாக மாறிவிடும்.

வாக்குத்தத்தம் என்றால் முதலில் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். "உன் பிள்ளைகளெல்லாரும் கர்த்தரால் போதிக்கப்பட்டிருப்பார்கள்; உன் பிள்ளைகளுடைய சமாதானம் பெரிதாயிருக்கும்" என்ற ஏசாயா 54:13 பாழாய்க் கிடந்த சீயோனுக்குச் சொன்னது. இயேசு அதையே யோவான் 6:45-ல் எடுத்து, பிதாவினிடத்தில் கேட்டுக் கற்றுக்கொள்ளுகிறவன் தம்மிடத்தில் வருவான் என்று விரிக்கிறார். ஆகவே இதை வைத்து டியூஷன் மார்க்கைக் கேட்பது பொருந்தாது. "நான் கற்றுக்கொடுக்க முடியாததை நீரே அவளுக்குக் கற்றுக்கொடும்" என்று கேட்கலாம். அதிகம் படிக்காத பெற்றோருக்கு இது பெரிய ஆறுதல்.

கதைப் பகுதியில்தான் ஏமாறுவது சுலபம். "இந்தப் பிள்ளைக்காக விண்ணப்பம்பண்ணினேன்" என்று அன்னாள் சொன்ன 1 சாமுவேல் 1:27 தொட்டில் படத்திலும் பிறந்தநாள் அட்டையிலும் வரும். அடுத்த வசனத்தில் அவள் அந்தப் பிள்ளையைக் கர்த்தருக்கே விட்டுக்கொடுக்கிறாள். அது அட்டையில் வராது. கதையை ஜெபிக்கும்போது நமக்குப் பிடித்த இடத்தில் நிறுத்தாமல் கதை முடியும் இடம் வரை போங்கள்.

6. வசனத்தை ஜெபமாக மாற்றுவது

இப்போது பேனா வேலை. வசனத்தை அப்படியே நோட்டில் எழுதுங்கள். சிறு துண்டுகளாகப் பிரித்துக் கோடு போடுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஒரு வாக்கியம், நீங்கள் வீட்டில் பேசும் தமிழில். மூன்றாம் படியில் எழுதியதில் ஒன்றையாவது அதில் சேருங்கள். அவ்வளவுதான், நிறுத்திவிடுங்கள்.

லூக்கா 2:52. "இயேசுவானவர் ஞானத்திலும், வளர்த்தியிலும், தேவகிருபையிலும், மனுஷர் தயவிலும் அதிகமதிகமாய் விருத்தியடைந்தார்." நான்கு துண்டு. தமிழ்ப்பள்ளி முடித்துப் புகுமுக வகுப்பில் சேர்ந்திருக்கும் மகனுக்கு, எல்லாப் பாடமும் திடீரென்று மலாயில் வந்து நிற்கும் வருஷத்தில், எங்கள் குழுவில் ஒரு அம்மா எழுதியது ஏறக்குறைய இப்படி:

"ஆண்டவரே, மலாயில் ஆசிரியர் சொல்வது புரியாதபோது கை தூக்கிக் கேட்கும் புத்தியை அவனுக்குக் கொடும். டப்பா திரும்பி வருகிறது, சாப்பிடும் மனதையும் உடம்பு வளர்ச்சியையும் கொடும். நீர் அவனோடு இருக்கிறீர் என்று அந்த வகுப்பிலும் அவனுக்குத் தெரியட்டும். அங்கே அவனுக்கு ஒரே ஒரு கூட்டாளியைக் கொடும்."

நான்கே வாக்கியம். அந்த அம்மா முதலில் கேட்க வந்தது மலாய் பாடத்தில் நல்ல மார்க் மட்டும்தான். மனுஷர் தயவு என்ற நான்காவது துண்டுதான், பையன் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை என்பதை யோசிக்க வைத்தது.

இன்னொன்று, கொஞ்சம் கடினமானது. நீதிமொழிகள் 1:10. "என் மகனே, பாவிகள் உனக்கு நயங்காட்டினாலும் நீ சம்மதியாதே." மகன் மோட்டார் கூட்டத்தோடு இரவு பதினொன்று வரை சுற்றுகிறான், சட்டையில் வேப் என்ற மின்சிகரெட் வாசம். உடனே வாயில் வருவது "அந்தப் பையன்களை இவனிடமிருந்து விலக்கும்" என்பதுதான். 19-ஆம் வசனம் வரை படியுங்கள். பதினான்காம் வசனத்தில் அந்தக் கூட்டம் பேசுகிறது: எங்களோடே பங்காளியாயிரு, நம்மெல்லாருக்கும் ஒரே பை இருக்கும். அவர்கள் காட்டும் ஆசை பணம் மட்டும் இல்லை. நீ எங்களில் ஒருவன் என்கிறார்கள். அதுதான் பையனை இழுக்கிறது.

இதைப் பார்த்த பிறகு ஜெபம் மாறுகிறது. "அவன் ஒருவனாகச் சேர்ந்துகொள்ள நல்ல கூட்டம் ஒன்றைக் கொடும். எங்கள் வீட்டில் அவனுக்கு அந்த இடம் இல்லாமல் போனது எப்போது என்று எனக்குக் காட்டும்." இப்படி ஜெபித்த ஒரு அப்பா, சபையில் புட்சால் விளையாடும் வாலிபர்களிடம் போய், மகனை ஒரு நாள் அழைக்கச் சொன்னார். பையன் மூன்று தடவை போகவில்லை. நான்காம் தடவை கோலுக்கு ஆள் குறைவு என்று கூப்பிட்டார்கள், போனான். பழைய கூட்டாளிகளையும் அவன் விடவில்லை. ஆனால் பதினொன்று பத்தாகியிருக்கிறது.

பெயர் மாற்றிப் போடும்போது ஒரு எச்சரிக்கை. "சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்" என்ற சங்கீதம் 51:10-ல் என்னிலே என்பதை எடுத்துவிட்டு மகள் பெயரைப் போட எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். அது தாவீது தன் பாவத்துக்காகத் தானே அழுத சங்கீதம். முதலில் என்னிலே என்று உங்களுக்காகச் சொல்லுங்கள். அப்புறம் எங்களிலே என்று இருவரையும் சேருங்கள்.

7. வாய்விட்டுச் சொல்லும்போது

மனதுக்குள் ஜெபிப்பதில் தவறில்லை. ஆனால் புதிதாகப் பழகுகிறவருக்கு மனது இரண்டு நிமிடத்தில் சமையலுக்குப் போய்விடும். மெல்லிய குரலிலாவது சொல்லுங்கள். எவ்வளவு மெல்லிய என்றால், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் போகாத அளவு. பிள்ளையின் குறை பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேண்டியதில்லை.

பிள்ளை கேட்கும் ஜெபம் வேறு, கேட்காத ஜெபம் வேறு. கலக்காதீர்கள். பிள்ளை பக்கத்தில் நிற்க, "ஆண்டவரே, இவள் கைப்பேசியைக் கீழே வைக்க உதவி செய்யும், அம்மா பேச்சைக் கேட்கும் இருதயத்தைக் கொடும்" என்று ஜெபிப்பது கடவுளிடம் பேசுவதே இல்லை, மகளைத் திட்டுவது. கண் மூடியிருப்பதால் அவளால் பதில் சொல்லவும் முடியாது. பதின்ம வயதில் ஜெபம் என்றாலே எழுந்து ஓடும் பிள்ளைகள் பலர் இந்த வகை ஜெபத்தில் வளர்ந்தவர்கள்தான்.

பிள்ளை கேட்கச் சொல்வதற்கு எண்ணாகமம் 6:24-26 போதும். "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று தொடங்குவது. ஆசாரியர்கள் ஜனங்களைப் பார்த்துச் சொல்வதற்கென்றே கொடுக்கப்பட்ட வார்த்தைகள் அவை, அதனால் உன்னை என்றே வருகிறது, எதையும் மாற்ற வேண்டாம். சின்னப் பிள்ளை என்றால் தலையில் கை வைக்கலாம். பதின்மூன்று தாண்டியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

மலாயில் பாடம் நடக்கும் தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைக்குக் கடவர் என்றால் என்னவென்றே தெரியாது. "ஆண்டவர் உன்னை நல்லா பார்த்துக்கொள்ளட்டும், உனக்கு நிம்மதி கொடுக்கட்டும்" என்று சொன்னால் வசனத்தின் மதிப்பு ஒன்றும் குறையாது.

குழுவில் ஜெபிக்கிறவர்களுக்கு ஒன்று. ஜெபக் குறிப்பு என்ற பெயரில் பிள்ளையின் ரகசியத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். வசன எண்ணையும் பெயரையும் மட்டும் சொன்னால் போதும். விவரம் ஆண்டவருக்குத் தெரியும். சின்ன ஊர் இது, நாளைக் காலை சந்தையில் பிள்ளையிடமே கேட்டுவிடுவார்கள்.

8. வயதுக்கு ஏற்ற பகுதிகள்

கைக்குழந்தையிலிருந்து பாலர் பள்ளி வரை சங்கீதம் 121. எட்டாம் வசனத்தில் "உன் போக்கையும் உன் வரத்தையும்" என்று வருவதால் வாசலில் நின்று சொல்ல வசதி.

தமிழ்ப்பள்ளி ஆறு வருஷத்துக்கும் லூக்கா 2:40-52, நீதிமொழிகள் முதல் நான்கு அதிகாரம்.

இடைநிலைப் பள்ளியில் தானியேல் முதல் அதிகாரம். வேறு மொழி, வேறு சாப்பாடு, வேறு பெயர் கொடுத்த இடத்தில், தானியேல் எதற்கு இணங்கினான், எதற்கு மறுத்தான் என்று இரண்டு பட்டியல் எழுதுங்கள். மொழிக்கும் படிப்புக்கும் இணங்கினான், சாப்பாட்டுக்கு மறுத்தான். எல்லாவற்றையும் எதிர்க்கும் பிள்ளைக்கும், எல்லாவற்றுக்கும் தலையாட்டும் பிள்ளைக்கும் இந்த இரண்டு பட்டியலுமே தேவை.

சிங்கப்பூருக்கோ கிள்ளானுக்கோ வேலைக்குப் போய்விட்ட பிள்ளைக்கு மறுபடியும் பவுலின் ஜெபங்கள். அவரும் பக்கத்தில் இல்லாதவர்களுக்காகத்தானே ஜெபித்தார்.

சங்கீதம் 144:12 எந்த வயதுக்கும் ஆகும். குமாரர்களை ஓங்கி வளரும் விருட்சக்கன்றுகளுக்கு ஒப்பிடுகிறது. செம்பனைக் கன்றை ஒரு வருஷம் போல நர்சரியில் பையில் வைத்து நீர் ஊற்றி, பிறகுதான் நிலத்தில் நடுவார்கள். நட்டு இரண்டரை மூன்று வருஷம் கழித்துத்தான் முதல் குலை. இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பிள்ளை விஷயத்தில் மட்டும் மறந்துவிடுகிறோம்.

9. வீட்டில் எல்லாரும் விசுவாசிகள் இல்லையென்றால்

எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். கணவர் மாரியம்மன் கோயிலுக்குப் போவார், மனைவி சபைக்கு வருவார். அல்லது மாமியார் வீட்டில் கூட்டுக் குடும்பம். அப்படியானால் பிள்ளையை நடுவில் நிறுத்தி ஜெபத்தால் இழுபறி செய்யாதீர்கள். "உன் அப்பாவின் கண் திறக்கட்டும்" என்று பிள்ளை காதுபடச் சொன்னால், அப்பாவிடமிருந்து அதைப் பிரிக்கிறீர்கள். வேலை நேரத்து ஜெபமும் நோட்டும் போதும். கணவரிடம் மறைக்கவும் வேண்டாம். "பிள்ளைக்காக ஜெபிக்கிறேன், உங்களுக்கு அவன் விஷயத்தில் என்ன கவலை?" என்று கேளுங்கள். அவர் சொல்வதையும் மூன்றாம் படியில் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பற்றி நமக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கும்.

10. தேதி போடுங்கள், மாதம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்

ஒவ்வொரு ஜெபத்துக்கும் மேலே தேதி. மாதக் கடைசியில் பின்னோக்கிப் படித்து, மாறியது எதுவோ அதன் பக்கத்தில் தேதியோடு ஒரு வரி. "நிறைவேறியது" என்று பெரிதாக எழுத வேண்டாம். "இன்று டப்பா காலி" என்று எழுதினால் போதும்.

மாறாததையும் அப்படியே விட்டு வையுங்கள், அடிக்க வேண்டாம். மூன்று மாதம் ஒன்றுமே மாறவில்லை என்றால் பகுதியை மாற்றுங்கள். விலகிப்போன பிள்ளைக்கு லூக்கா 15, வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வந்த இளைய மகனின் கதை. அந்த இளைய மகனுக்குப் "புத்தி தெளிந்தபோது" என்று பதினேழாம் வசனம் சொல்கிறது. தகப்பன் தேடிக்கொண்டு போய்ப் புத்தி சொன்னதாக இல்லை. ஆனால் தூரத்தில் வரும்போதே கண்டான். கண்ணைப் பாதையில் வைத்திருந்தால்தானே காண முடியும்? இந்த அதிகாரத்தை ஜெபிக்கிறவர்கள், மகன் எந்த நேரத்தில் ஃபோன் பண்ணினாலும் முதல் வார்த்தை குறையாக இருக்காது என்று தங்களுக்காக ஒரு வரி சேர்த்துக்கொள்கிறார்கள்.

நம்ப முடியாத நாளில் மாற்கு 9:24 இருக்கிறது. நோயில் துடித்த மகனைக் கொண்டுவந்த தகப்பன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும் என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

11. ஜெபத்தோடு வேறு உதவியும் தேவைப்படும் இடம்

மூன்றாம் படியில் எழுதும்போது சில விஷயம் கண்ணில் படலாம். உடம்பில் காயம், செத்துப்போகலாம் போல இருக்கிறது என்ற பேச்சு, போதை, ஒரு பெரியவரைக் கண்டால் பிள்ளை நடுங்குவது. இவற்றை நோட்டில் எழுதிவிட்டு அடுத்த வியாழன் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பிள்ளையோடு பேசுங்கள், கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். மனம் விட்டுப் பேச பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-7627 2929. கொடுமை நடப்பதாகச் சந்தேகம் இருந்தால் அரசாங்கத்தின் தாலியான் காசே உதவி எண் 15999. "ஜெபித்தால் சரியாகிவிடும், வெளியே சொல்லாதே" என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும், அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

12. நோட்டைப் பிள்ளை பார்த்துவிட்டால்

பார்ப்பார்கள். வீடு சின்னது, நோட்டு குசினி மேசையில் கிடக்கும்.

என் முதல் நோட்டில் மகள் பக்கத்தில் "பொய் சொல்கிறாள்" என்று எழுதி, நீதிமொழியிலிருந்து ஒரு வசனத்தையும் கீழே போட்டிருந்தேன். அவளுக்கு அப்போது பதினான்கு. படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடியில் பென்சிலால் "எதைப் பற்றி?" என்று மட்டும் எழுதி வைத்திருந்தாள். எனக்கு அது எதைப் பற்றி என்று நினைவே இல்லை. எந்த நாள், எந்தப் பொய், ஒன்றும் எழுதவில்லையே.

கண்டதை மட்டும் எழுதுங்கள், தேதி போடுங்கள் என்று மேலே இத்தனை தடவை சொன்னதற்குக் காரணம் அந்தப் பென்சில் எழுத்துதான். இப்போது நோட்டில் எதை எழுதுமுன்னும், இதை அவள் படித்தால் என்னிடம் வந்து பேசுவாளா, கதவைச் சாத்துவாளா என்று ஒரு நொடி நினைத்துக்கொள்கிறேன். சாத்துவாள் என்று தோன்றினால் எழுதுவதில்லை, வாயால் மட்டும் ஜெபிக்கிறேன்.

பிள்ளை நேரடியாகக் கேட்டால் நோட்டைக் கொடுத்துவிடுங்கள். அவர்களுடைய பக்கத்தை மட்டும், அண்ணன் தம்பி பக்கத்தை அல்ல. தவறாக எழுதியிருந்தால் அவர்கள் முன்பாகவே திருத்துங்கள். அடுத்த வாரத்துக்கு என்ன ஜெபிக்கட்டும் என்று கேட்டு, அவர்கள் கையாலேயே ஒரு வரி எழுதச் சொல்லலாம். என் மகள் அப்படி எழுதிய முதல் வரி: "அம்மா ஷிப்ட் மாற வேண்டும்."